முரண்டு பிடிக்கும் நெம்புகோல்

உப்பளக் காற்று வீசும் ஊர்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. தூத்துக்குடிக்கு மேற்கே திருநெல்வேலி சாலையில் இருக்கிறது எங்கள் புதுக்கோட்டை. (தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை வேறு, இது வேறு.) இங்கே கதவுக் கீலும், பூட்டும், சைக்கிள் பிரேக்கும், அடிகுழாயின் கைப்பிடியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது முரண்டு பிடிக்கும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் பலங்கொண்ட மட்டும் அழுத்துகிறோம். அசையாவிட்டால் ஓர் இரும்புக் குழாயைக் கைப்பிடியில் செருகி அதன் நீளத்தைக் கூட்டுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் எண்ணெயைக் கொட்டுகிறோம். இந்த மூன்று வழிகளிலும் இயற்பியல் இருக்கிறது. ஆனால் எந்த வழி எப்போது சரியானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு விசித்திரமான கருவியை இந்த மாதம் எடுத்துக்கொள்வோம். அது நெம்புகோலால் இயங்கும் பழங்காலத் துப்பாக்கி. துப்பாக்கியா என்று திகைக்க வேண்டாம். நெம்புகோல், சுருள்வில், உராய்வு ஆகிய மூன்றும் ஒரே சிறிய பெட்டிக்குள் சந்திக்கும் கருவி அது. தவறான இடத்தைத் தேய்த்தால் என்ன விபரீதம் நேரும் என்பதையும் அதைப் போல் தெளிவாகக் காட்டும் கருவி வேறில்லை.

மூன்று வேலை செய்யும் கைப்பிடி

அமெரிக்காவில் 1860ஆம் ஆண்டில் டைலர் ஹென்றி என்பவர் ஒரு புதுவகைத் துப்பாக்கியை அமைத்தார். அதன் வழிவந்ததே 1873ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வின்செஸ்டர். இந்த 1873 வகைத் துப்பாக்கிகள் 7 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. பழையவை இன்று அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. ஆயினும் பழமையில் ஆசை கொண்டோருக்காக அதே அமைப்பில் நகல் துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன. இத்தாலியில் கார்தோனே என்னும் ஊரில் 1959இல் தொடங்கப்பட்ட உபெர்ட்டி நிறுவனம் இவ்வகை நகல்களுக்குப் பேர் பெற்றது. இவை பொம்மைகள் அல்ல, உண்மையிலேயே சுடக்கூடியவை.

புதிதாக வாங்கிய நகல்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. கைப்பிடி கனமாக இருக்கிறது, முரண்டு பிடிக்கிறது என்பதே அது.

அந்தக் கைப்பிடி என்ன செய்கிறது என்று பார்ப்போம். விரல்களை நுழைத்துப் பிடிக்கும் வளையம் ஒன்று துப்பாக்கியின் அடியில் இருக்கும். அதைக் கீழும் முன்னுமாகத் தள்ளி, மீண்டும் இழுத்து மூட வேண்டும். திறக்கும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் தண்டு பின்னால் நகர்ந்து, சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கிறது. இரண்டாவது, பின்னால் வரும் அதே தண்டு, 'குதிரை' என்று நாம் சொல்லும் சுத்தியலை அதன் வில்லுக்கு எதிராகப் பின்தள்ளி மாட்டுகிறது. மூன்றாவது, திறப்பின் கடைசிப் பகுதியில் அடுத்த தோட்டாவைச் சுமந்த தூக்கி மேலே எழுகிறது.

அடைப்புத் தண்டை நகர்த்துபவை, நடுவில் கீல் வைத்த இணைப்புக் கம்பிகள். நம் முழங்காலைப் போன்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு மூட்டையைத் தலையில் ஏந்தி நிற்பவர் முழங்காலை நேராக வைத்திருக்கும்வரை நெடுநேரம் நிற்பார். கால் சற்று மடங்கினால் பாரம் அவரைக் கீழே அமுக்கிவிடும். துப்பாக்கியிலும் அப்படித்தான். மூடிய நிலையில் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் வெடிப்பின் அழுத்தத்தை அவை தாங்குகின்றன. மடக்கிவிட்டால் எளிதில் நகர்கின்றன.

கனம் எங்கிருந்து வருகிறது?

நெம்புகோலின் விதி உங்களுக்குத் தெரிந்ததே. முயற்சியை அதன் கை நீளத்தால் பெருக்கினால் வரும் தொகை, பளுவை அதன் கை நீளத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம். ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனையே, ஆனால் கருத்து உண்மை.

முயற்சிக் கை 20 செ.மீ., பளுக் கை 2.5 செ.மீ. என்க. எந்திர லாபம் 8. வில்லை அமுக்கப் பளுவின் பக்கம் 80 நியூட்டன் விசை வேண்டும் என்றால், கை கொடுக்க வேண்டியது 10 நியூட்டன் மட்டுமே. ஆனால் கைப்பிடியில் ஒரு சுருள்வில் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கிறோம். அது 25 நியூட்டன் காட்டுகிறது. மிகுதியான 15 நியூட்டன் எங்கே போயிற்று? உராய்வு தின்றுவிட்டது. பயனுறு திறன் நூற்றுக்கு 40 தான்.

ஆக, நம் கை உணரும் 'கனம்' ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வில்லுக்காகக் கொடுக்கும் வேலை. அது வில்லில் சேமிக்கப்பட்டுப் பின்னர் பயன்படும். மற்றொன்று உராய்வுக்குக் கொடுக்கும் தண்டம். அது வெப்பமாகி வீணாகும். அது மட்டுமா? உரசும் பரப்புகளை அரித்துவிட்டும் போகும். கனத்தைக் குறைக்க விரும்புகிறவர் முதலில் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

நீளத்தைக் கூட்டினால்?

கைப்பிடியை 30 செ.மீ. ஆக நீட்டினால் எந்திர லாபம் 12 ஆகிறது. 25 நியூட்டனுக்குப் பதில் சுமார் 16.7 நியூட்டன் போதும். ஆகா, வெற்றி என்று தோன்றும். ஆனால் பளு 1 செ.மீ. நகர, முன்பு 8 செ.மீ. நகர்ந்த கை இப்போது 12 செ.மீ. நகர வேண்டும். அன்றும் வேலை 2 ஜூல், இன்றும் 2 ஜூல். உராய்வு ஒரு துளியும் குறையவில்லை. கை ஏமாந்தது, உலோகம் ஏமாறவில்லை.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் அடியில் நெம்புகோல் கொண்டதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியப் படையினரும் இதை ஏந்தினர். இதன் தோட்டாக் கூடு முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. 1884-85இல் சூடான் பாலைவனத்தில் நடந்த போர்களில், சூடேறிய குழலில் கரிமருந்தின் கசடும் மணலும் சேர்ந்துகொள்ள, இந்த மெல்லிய கூடு உள்ளேயே பிடித்துக்கொண்டது. நெம்புகோலை எவ்வளவு அழுத்தினாலும் கூடு வரவில்லை. எதிரி நெருங்கி வரும்போது கையில் திறக்காத துப்பாக்கியுடன் நின்ற வீரனின் நிலை என்ன?

இதற்குப் பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. துப்பாக்கியின் நான்காம் வகையில் நெம்புகோல் நீளமாக்கப்பட்டது. சுருட்டிய தகட்டுக்குப் பதிலாக ஒரே துண்டாக இழுத்துச் செய்த கெட்டியான பித்தளைக் கூடு வந்தது. முதல் மாற்றம் வீரனின் கைக்கு வலு தந்தது. இரண்டாவது மாற்றம்தான் நோயின் வேரைத் தொட்டது.

நம் கணக்குக்குத் திரும்புவோம். நீளத்தை மாற்றாமல் உராய்வை மட்டும் பாதியாக்கினால், பளுவின் பக்கம் 200 நியூட்டனாக இருந்தது 140 ஆகும். கைக்கு 17.5 நியூட்டன். நீட்டிய கைப்பிடிக்குக் கிட்டத்தட்ட சமமே. ஆனால் செய்த வேலை 1.4 ஜூல்தான். வீணானது பாதியாயிற்று, தேய்மானமும் குறைந்தது. எது நல்ல வழி என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பலாப்பழங்கள்

உராய்வு ஏன் உண்டாகிறது? லியனார்டோ டா வின்சி இதை ஆராய்ந்து குறித்து வைத்தார். பிரான்சின் அமாந்தான் 1699இலும், கூலும் 1785இலும் இதன் விதிகளை வெளியிட்டனர். உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொட்டுக்கொள்ளும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று. இந்த இரண்டாவது விதி பலருக்குப் புதிராக இருந்தது.

கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் பவுடனும் டேபரும் 1950இல் வெளியிட்ட நூலில் இப்புதிருக்கு விளக்கம் தந்தனர். கண்ணுக்கு வழவழப்பான எஃகும் நுண்ணோக்கியில் மேடு பள்ளந்தான். இரண்டு பலாப்பழங்களை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முள் நுனிகள் மட்டுமே தொடும் அல்லவா? இரண்டு உலோகப் பரப்புகளும் அவ்வாறே சில நுனிகளில் மட்டும் உண்மையாகத் தொடுகின்றன. அந்த நுனிகளில் அழுத்தம் மிகப் பெரிது. நுனிகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நகர்த்தும்போது அந்த ஒட்டுகளைப் பிய்க்க வேண்டியிருக்கிறது. அதுதான் உராய்வு. சுமை கூடினால் நசுங்கும் நுனிகளும் கூடும், ஒட்டும் கூடும்.

அப்படியானால் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டால் உராய்வு அறவே நீங்கிவிடுமா? நீங்காது! சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன் 1896 முதல் உருவாக்கிய அளவுக் கட்டைகள் மிகமிகச் சமதளமானவை. இரண்டை அழுத்தித் திருகிச் சேர்த்தால் பிசின் வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். முரடாக இருந்தால் முள் சிக்கும், மிகையாக வழவழப்பாக்கினால் பரப்புகள் ஒட்டும். நடுவே ஒரு நல்ல நிலை இருக்கிறது.

தேய்ப்பதற்கு முன் தேடு

நல்ல கைவினைஞர் நகல் துப்பாக்கியை எடுத்தவுடன் அரத்தைத் தேடுவதில்லை. முதலில் அவர் கையால் கேட்கிறார். கைப்பிடியை மெதுவாகத் திறந்து, எந்த இடத்தில் கனக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். குதிரை பின்தள்ளப்படும் பகுதியில் கனத்தால் குதிரையின் வில்லைச் சந்தேகிக்கலாம். கடைசியில் கனத்தால் தூக்கியைப் பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராகக் கனத்தால் பக்கத் தகட்டு வில்களோ கீல்களோ காரணமாகலாம்.

பிறகு ஓர் உறுப்பை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் அசைத்துப் பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்! சோதனைக்கூடத்தில் நாம் பின்பற்றும் விதியும் இதுவே.

குற்றவாளி அகப்பட்ட பின், உரசும் பரப்பில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி, உறுப்பைப் பூட்டிச் சில முறை அசைப்பார். கழற்றிப் பார்த்தால் எங்கே சாயம் அழிந்து உலோகம் பளிச்சிடுகிறதோ, அங்கேதான் உரசல். பெரும்பாலும் அது வெட்டுக்கருவி விட்டுச் சென்ற பிசிறாகவோ வரிவரியான தடமாகவோ இருக்கும். அந்த இடத்தில் மட்டும், நகரும் திசையிலேயே, நுண்ணிய எண்ணெய்க்கல்லாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டும். மற்ற இடங்களைத் தொட வேண்டியதில்லை. எஃகு உறுப்புகள் பலவற்றில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். ஆசை தீரத் தேய்த்தால் தோல் உரிந்து மென்மையான உள்பகுதி வெளிப்படும். இன்று வழுக்கிய நெம்புகோல் நாளை குழிந்து தேய்ந்து ஆடும்.

உராய்வைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. உராய்வு விசை என்பது உராய்வுக் குணகமும் செங்குத்து விசையும் பெருகி வருவது. தேய்ப்பதும் எண்ணெயிடுவதும் குணகத்தைக் குறைக்கின்றன. பக்கத் தகட்டு வில் தேவைக்கு மேல் அழுத்தினால் செங்குத்து விசையையே குறைக்கலாம். நகல்களில் இவ்வில்கள் தேவைக்கு மேல் தடிப்பாக இருப்பதுண்டு.

இங்கே ஒரு கணக்கு எச்சரிக்கை தருகிறது. தகட்டு வில்லின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதம். ஆனால் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதம். 1 மி.மீ. தகட்டை 0.8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 0.8 × 0.8 × 0.8 = 0.512, அதாவது பாதியாகிவிடும்! ஐந்தில் ஒரு பங்கு தேய்த்தவர் பாதி வலுவை இழக்கிறார். தேய்த்துவிட்டதை மீண்டும் ஒட்டவும் முடியாது. அதனால் அனுபவசாலிகள் முதலில் வில்லின் அடியில் ஒரு சிறு வாஷரை வைத்து அதன் வளைவைக் குறைத்துப் பார்க்கிறார்கள். சரிப்படாவிட்டால் வாஷரை எடுத்துவிடலாம். திரும்பி வரக்கூடிய வழியை முதலில் முயல்வதே அறிவுடைமை.

தேய்க்கக் கூடாத இடம்

இதுவரை உராய்வைப் பகைவனாகவே பேசினோம். இனி அதன் மறுபக்கம்.

பின்தள்ளப்பட்ட குதிரையை நிறுத்திப் பிடித்திருப்பது எது? ஒரு சிறிய பல். சுடுவிசையின் நுனி அந்தப் பல்லில் மாட்டியிருக்கிறது. அங்கே கோணமும் உராய்வும் சேர்ந்துதான் காவல் நிற்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஒரு சாய்தளத்தை நினையுங்கள். பலகையின் மேல் வைத்த பொருள், சாய்வுக் கோணத்தின் டான்ஜென்ட் உராய்வுக் குணகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை நழுவாது. குணகம் 0.6 என்றால் சுமார் 31 பாகைவரை நிற்கும். குணகம் 0.1 ஆகிவிட்டால் 6 பாகையைத் தாண்டாது. ஆகவே 10 பாகைச் சாய்வில் அசையாமல் நின்ற பொருள், பரப்பை வழுக்கச் செய்த மறுகணமே சரிந்துவிடும்.

அந்தப் பல்லை 'இதையும் சற்று வழவழப்பாக்கலாமே' என்று தேய்த்தால் என்னவாகும்? கோணம் இம்மியளவு மாறும், உராய்வு குறையும். ஒரு தட்டு, ஓர் அதிர்ச்சி போதும். யாரும் தொடாமலே குதிரை விழுந்து துப்பாக்கி வெடிக்கும். எதிரே நிற்பவரின் உயிர் அந்த ஒரு மில்லிமீட்டர் பரப்பில் இருக்கிறது.

1873 அமைப்பில் இன்னொரு காவலும் உண்டு. கைப்பிடி முழுவதும் மூடி ஒரு சிறு தண்டை அழுத்தினாலன்றிச் சுடுவிசை அசையாது. அந்தச் சிறு வில்லும் கைக்குச் சற்றுக் கனமாகத்தான் தெரியும். அதனால் அதைக் கழற்றிவிட நினைப்பது, வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று காவல்காரனை வேலையை விட்டு நீக்குவது போன்றது. இணைப்புகள் நேர்கோட்டுக்கு வராத நிலையில் வெடித்தால், மடங்கிய முழங்கால்போல் அடைப்பு பின்னால் பாயும்.

துப்பாக்கி வைத்திருப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்பதன் நியாயம் இப்போது விளங்குகிறதல்லவா? நமக்கு வேண்டியது துப்பாக்கியன்று, அது சொல்லும் பாடமே.

எண்ணெய் எவ்வளவு?

வேகமாகச் சுழலும் தண்டுகளில் எண்ணெய் ஒரு படலமாகி இரு பரப்புகளையும் பிரித்து மிதக்க வைக்கிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதைக் கணிதத்தால் விளக்கினார். ஆனால் நின்று நின்று அசையும் நெம்புகோலில் அத்தகைய தடித்த படலம் நிலைப்பதில்லை. உலோகத்தின்மேல் பற்றிக்கொள்ளும் சில மூலக்கூறு அடுக்குகளே நுனிகள் ஒட்டாமல் காக்கின்றன. இதற்கு ஒரு துளி போதும். ஒரு கரண்டி எண்ணெய் ஒரு துளியைவிட அதிக நன்மை செய்யாது. மாறாக, தூசியைப் பிடித்துச் சாணைக்குழம்பாக மாறி உறுப்புகளை அரைக்கும்.

எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லை. காற்றில் வரும் உப்பு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் உண்டாகக் காரணமான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். கீலின் நுண்ணிய இடைவெளியில் அது புகுந்தால் ஆப்பு வைத்ததுபோல் இறுகும். ஆதலால் முதலில் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, பின்பு ஒரு துளி எண்ணெயிட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். அழுக்கின்மேல் எண்ணெய் விடுவது புண்ணின்மேல் பொட்டு வைப்பது போல.

மசகு நீங்கினால் என்னாகும் என்பதற்கு விண்வெளியிலும் ஒரு சாட்சி உண்டு. வியாழனை நோக்கி 1989இல் புறப்பட்ட கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா, 1991இல் குடைபோல் விரிய வேண்டியது, முழுதாக விரியவில்லை. லாரியில் கொண்டு சென்றபோது ஏற்பட்ட அதிர்வுகளில் உலர் மசகு தேய்ந்துபோய், சில கம்பிகள் சிக்கிக்கொண்டன என்று அறிவியலாளர் கண்டனர். காற்றில்லாத வெளியில் உலோகங்கள் ஒட்டிக்கொள்வது இன்னும் எளிது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு துளி மசகு இட யார் போவது? விஞ்ஞானிகள் அதன் சிறிய ஆன்டெனாவைக் கொண்டே பணியை நிறைவேற்றினர்.

செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிளின் பிரேக் பிடியில் சுருள்வில் தராசை மாட்டி, பிடி அசையத் தொடங்கும்போதும், பாதி வழியிலும், கடைசியிலும் அளவைக் குறியுங்கள். பிடியின் கீலைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். குறைந்தது வில்லின் பங்கா, உராய்வின் பங்கா? கவனம்: சக்கர விளிம்பிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. அங்கே உராய்வுதான் உங்கள் உயிரைக் காக்கிறது.

2. ஒரு பலகையின்மேல் 1 ரூபாய் நாணயத்தை வைத்துப் பலகையை மெல்லச் சாயுங்கள். நழுவும் கோணத்தைப் பாகைமானியால் அளந்து உராய்வுக் குணகத்தைக் கணக்கிடுங்கள். பலகையில் உப்புத்தாளை ஒட்டியும், பின்னர் எண்ணெய் தடவிய கண்ணாடியை வைத்தும் மீண்டும் அளங்கள்.

சிந்தனைக்கு

1. ஒரு நெம்புகோலின் எந்திர லாபம் 6. வில்லுக்கு 90 நியூட்டன் வேண்டும். தராசு காட்டுவது 20 நியூட்டன். பயனுறு திறன் எவ்வளவு?

2. தகட்டு வில்லின் தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எத்தனை பங்காகக் குறையும்?

3. உங்கள் வீட்டில் உராய்வைக் குறைக்க வேண்டிய மூன்று இடங்களையும், குறைக்கவே கூடாத மூன்று இடங்களையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு விடை எழுதத் தெரிந்தவர் கையில் உப்புத்தாளைத் தாராளமாகக் கொடுக்கலாம்.